2147483647 பகா எண்தான் என்று நோட்டுப் புத்தகத்திலேயே நிறுவுவது எப்படி

ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். "மேடம், எல்லா கஸ்டமருக்கும் ஒரே போன் நம்பர் காட்டுது." போய்ப் பார்த்தால் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்த பட்டியலில் எல்லார் பெயருக்கு நேராகவும் 2147483647.

தொலைபேசி எண்ணுக்கான கட்டத்தை 32 பிட் முழு எண் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) என்று நான் அமைத்திருந்தேன். தவறு என்னுடையது. அந்த 32இல் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சமுள்ள 31 பிட்டும் ஒன்றாக நின்றால் வருவது 2³¹ − 1, அதாவது 2147483647. அதற்கு மேல் அந்தக் கட்டத்தில் இடமில்லை. நம் ஊர் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்குபவை; எல்லாமே இதைவிடப் பெரியவை. தரவுத்தளம் ஒவ்வொன்றையும் தன்னால் முடிந்த உச்சத்துக்கு வெட்டி வைத்துவிட்டது. இதே உச்சத்தால்தான் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு கணக்கு முடிகிறது.

கட்டத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அந்த எண் மனதை விட்டுப் போகவில்லை. அது பகா எண் என்று எப்போதோ படித்திருக்கிறேன். கணினியில் ஒரு வரி எழுதினால் கண் இமைக்கும் முன் விடை வந்துவிடும். ஆனால் 1772இல் கணித மேதை ஆய்லர் இதை நிறுவியபோது அவரிடம் இருந்தது காகிதமும் மனமும்தான். அறுபத்தைந்தை ஒட்டிய வயது. பார்வை ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுவே. அவர் செய்ததை நானும் கையால் செய்துபார்க்க ஆசைப்பட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா துணைக்கு உட்கார்ந்தார். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம், இரண்டு வாரம். நீங்களும் செய்யலாம். ஒரு லாங் சைஸ் நோட்டு, பென்சில், பெருக்கல் வாய்ப்பாடு போதும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், அவற்றில் சின்னது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. 46340ஐ வர்க்கித்தால் 2147395600. 46341ஐ வர்க்கித்தால் 2147488281. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே 46340 வரை உள்ள பகா எண்களில் எதுவும் இதை வகுக்கவில்லை என்று காட்டினால் வேலை முடிந்தது.

ஆனால் 46340க்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுப்பது நடக்கிற காரியமில்லை. ஆய்லரின் வழி வகுப்பதில் இல்லை. எதெல்லாம் வகுக்கவே முடியாது என்று முதலில் விலக்கிவிடுவதில் இருக்கிறது. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் கைவேலை.

முதல் சல்லடை

2147483647ஐ ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ப என்று பெயர். அப்படியானால் 2³¹ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1.

இப்போது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் ப-ஆல் வகுத்து மீதியை மட்டும் வரிசையாக எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 31ஆம் இடத்தில் 1 வரும். அதற்கு முன்னாலேயே 1 வந்துவிடுமா? முதன்முதலாக 1 வருவது எந்த இடமோ, அதன் மடங்குகளில் மட்டும்தான் மறுபடி மறுபடி 1 வரும், ஏனென்றால் 1 வந்ததும் வரிசை மீண்டும் 2, 4, 8 என்று தொடங்கிவிடுகிறது. 31 அந்த மடங்குகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும். 31 பகா எண். ஆகவே அந்த இடம் ஒன்று 1, இல்லையேல் 31. முதல் இடத்திலேயே 1 வர வேண்டுமானால் 2ஐ ப-ஆல் வகுத்து மீதி 1 வர வேண்டும், அது நடக்காது. ஆகவே சுற்று சரியாக 31 இடம் நீளம்.

இதற்கு மேல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் சொன்ன உண்மை ஒன்று உண்டு: 2ஐத் தவிர எந்தப் பகா எண் ப-வுக்கும், இந்த வரிசையில் (ப − 1)ஆம் இடத்தில் மீதி 1தான். 31 படிக்கு ஒருமுறை மட்டுமே வாசலுக்கு வருகிறவன் (ப − 1)ஆம் படியிலும் வாசலில் நிற்கிறான் என்றால், ப − 1 என்பது 31இன் மடங்கு. ப ஒற்றைப்படை, எனவே ப − 1 இரட்டைப்படை. சேர்த்துப் பார்த்தால் ப − 1 என்பது 62இன் மடங்கு. 62இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற எண்கள் மட்டும்தான் இனி நமக்குப் போட்டி.

இது நிஜமா என்று சின்ன எண்ணில் சோதியுங்கள். 2¹¹ − 1 என்பது 2047. அது 23 × 89. இங்கே 62க்குப் பதில் 22. 23 என்பது 22 + 1. 89 என்பது 88 + 1. அப்பாவிடம் இதைக் காட்டியபோது பேசாமல் 2²³ − 1ஐ எழுதிப் பார்த்தார். 8388607. இங்கே 46இன் மடங்கோடு ஒன்று. முதல் போட்டியாளரே 47. வகுத்தார். 178481, மீதியில்லை. "அட, முதல் ஆளே மாட்டிக்கிட்டானே!" என்றார். இத்தாலியக் கணிதர் கட்டால்டி, 2இன் 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளிலும் ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று நம்பினார். 31 மட்டும் நிலைத்தது. 23ஐயும் 37ஐயும் ஃபெர்மாவும், 29ஐ ஆய்லரும் உடைத்தார்கள்.

இரண்டாம் சல்லடை

2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. 2³² என்பது 65536இன் வர்க்கம். அதாவது, ஏதோ ஒரு வர்க்க எண்ணை ப-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. எல்லாப் பகா எண்ணும் இதற்கு இடம் கொடுக்காது. 7 கொடுக்கும்: 9ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. 17 கொடுக்கும்: 36. 23 கொடுக்கும்: 25. ஆனால் 3, 5, 11, 13 ஆகியவற்றில் எந்த வர்க்கத்தை வகுத்தாலும் மீதி 2 வராது. ஐந்து நிமிடத்தில் நீங்களே எழுதிப் பார்த்துவிடலாம். விதி இதுதான்: 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருகிற பகா எண்களுக்கு மட்டுமே அந்த யோகம். இதன் நிரூபணம் இங்கே எழுதினால் நீளும். எண் கோட்பாட்டுப் பாடநூல் எதிலும் இருக்கும்.

இரண்டு சல்லடையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மிஞ்சும் எண்கள் 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருபவை. அவ்வளவுதான். 46340 வரை இப்படி 373 எண்கள். முதலில் வரும் 63 தானே 7 × 9; அதை அடித்தால் 372. இவற்றிலும் பெரும்பாலானவை பகு எண்கள். அவற்றையும் அடித்துவிட்டால் சுமார் எண்பதுதான் தேறும். 4792 எங்கே, எண்பது எங்கே! நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் இது உறைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நோட்டில் எழுதும் முறை

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் 249இல் தொடங்கி 248 கூட்டிக்கொண்டே வாருங்கள்: 249, 497, 745, 993, 1241, 1489… வலப்பக்கம் 311இல் தொடங்குங்கள்: 311, 559, 807, 1055, 1303… கூட்டலில் ஓர் இடத்தில் சறுக்கினால் கீழே உள்ள எல்லாம் கெட்டுவிடும். பத்து வரிக்கு ஒருமுறை 2480 கூடியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இரண்டாம் இரவில் 7000க்கு அருகே ஒரு பத்து விட்டுப்போய், மூன்று பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டி வந்தது.

பிறகு களையெடுப்பு. 5இல் முடிவதை அடியுங்கள். இலக்கக் கூட்டல் 3இன் மடங்கானால் அடியுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் மூன்றில் ஒன்று இப்படிப் போகும், அதுவும் சரியாக மூன்று வரிக்கு ஒருமுறை. 7 ஏழு வரிக்கு ஒருமுறை, 11 பதினொரு வரிக்கு ஒருமுறை, 13 பதின்மூன்று வரிக்கு ஒருமுறை. முதல் அடியைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றது விரல்விட்டு எண்ணுகிற வேலை. இதை அப்பா வண்ணப் பென்சிலால் செய்தார். பக்கம் கோலம் மாதிரி ஆகிவிட்டது. வலப்பக்கத்தில் 2047 வந்து நின்றபோது அவருக்கே முகம் மலர்ந்தது. மேலே பார்த்த அதே 23 × 89.

3000க்குள் மிஞ்சுவது ஆறே ஆறு: 311, 1303, 1489, 2543, 2729, 2791. 3000க்குள் மொத்தம் 430 பகா எண்கள் உண்டு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எண் பகாவா பகுவா என்று சந்தேகமாக இருந்தால் அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அடிக்காமல் விட்டுச் சோதித்துவிடுங்கள். ஒரு பகு எண்ணைக் கூடுதலாகச் சோதிப்பதால் நிரூபணத்துக்குக் குறையொன்றும் வராது. ஒரு பகா எண்ணைத் தவறுதலாக அடித்துவிட்டால்தான் நிரூபணமே விழுந்துவிடும்.

சோதிக்கும் முறை

பத்து இலக்க எண்ணை வகுக்க வேண்டாம். 65536ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் போட்டியாளரால் வகுத்து மீதியை எடுங்கள். அந்த மீதியை வர்க்கியுங்கள். மறுபடி வகுத்து மீதியைப் பாருங்கள். 2 வந்தால் அந்த எண் 2147483647ஐ வகுக்கிறது. வேறெது வந்தாலும் வகுக்காது.

முதலில் இந்தக் கத்தி வெட்டுகிறதா என்று தெரிந்துகொள்ள, உடையும் என்று தெரிந்த ஓர் எண்ணில் வைத்துப் பாருங்கள். 2²⁹ − 1ஐ 233 வகுக்கும். அங்கே 65536க்குப் பதில் 2¹⁵, அதாவது 32768. அதை 233ஆல் வகுத்தால் மீதி 148. 148இன் வர்க்கம் 21904. 233 × 94 = 21902. மீதி 2. கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது.

இனி நம் எண். 1489ஐ மனக்கணக்காகவே முடிக்கலாம்: 1489 × 44 = 65516, மீதி 20, வர்க்கம் 400. 2 இல்லை, தள்ளு. 2729: 24 மடங்கு 65496, மீதி 40, வர்க்கம் 1600. தள்ளு. 1303: மீதி 386, வர்க்கம் 148996, மறுபடி மீதி 454. தள்ளு. 2543இல் மீதி 1961 வருகிறது. இதை அப்படியே வர்க்கிக்காதீர்கள். 2543இலிருந்து கழித்தால் 582. 1961க்கும் 582க்கும் வர்க்கத்தின் மீதி ஒன்றேதான். 582இன் வர்க்கம் 338724, மீதி 505. தள்ளு. மீதி பாதிக்கு மேல் போனால் இப்படிக் கழித்துக்கொள்ளும் பழக்கம் வேலையைப் பெருமளவு குறைக்கும். 32768ஐத் தாண்டிய போட்டியாளர்களுக்கு முதல் வகுத்தலே கிடையாது. 65536இலிருந்து நேராகக் கழித்தால் போதும்.

ஒவ்வொரு வரியையும் ஒன்பதால் சரிபாருங்கள். அப்பா சங்கத்துப் பேரேட்டை முப்பது வருடம் இப்படித்தான் சரிபார்த்தாராம்: இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி, இரண்டு பக்கமும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. இலக்கம் இடம் மாறினால் இது காட்டிக்கொடுக்காது, ஆனால் பெருக்கலில் நேரும் பெரும்பாலான சறுக்கல்களைப் பிடித்துவிடும். எங்கள் நோட்டில் ஏழு வரிகளை இதனால் திருத்தினோம்.

களையெடுத்த பிறகு பட்டியலில் கடைசியாக நிற்பது 45943. அதற்கப்புறம் இரண்டே எண்கள்: 46129, 46191. பின்னதை 3 வகுக்கும். முன்னது 163 × 283. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது, சோதித்தே விட்டிருக்கலாம். 65536 − 45943 = 19593. வர்க்கம் 383885649. 45943 × 8355 = 383853765. மீதி 31884. ஒன்பதால் சரிபார்ப்பு: 19593இன் இலக்கக் கூட்டல் 27, ஆக வர்க்கத்துக்கும் 9; மறுபக்கம் 7 × 3 = 21, அது 3, கூட 31884இன் 6, சேர்ந்து 9. ஒத்தது. 31884 என்பது 2 இல்லை.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் அப்பா. அவ்வளவுதான். 2147483647 பகா எண். யாரும் சொல்லி நம்பவில்லை. நானும் அப்பாவும் பார்த்துவிட்டோம்.

அந்த எண்ணைச் சுற்றி இன்னும் கொஞ்சம்

பகா எண் என்று தெரிந்த பிறகு, அதில் ஒன்றைக் கழித்து உடைத்துப் பாருங்கள். 2147483646 என்பது 2 × (2³⁰ − 1). உள்ளே இருப்பது 32767 × 32769. முன்னது 7 × 31 × 151. பின்னது 9 × 11 × 331. கையால் இவ்வளவு சுலபமாக உடைகிற பத்து இலக்க எண் அரிது.

இந்த உடைப்பால் ஒரு பயன் உண்டு. 7ஐ அடுக்கிக்கொண்டே போய் 2147483647ஆல் வகுத்து மீதி எடுத்தால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்ணும் ஒன்று விடாமல் ஒருமுறை வந்த பிறகுதான் சுற்று முடியும். 7இன் ஐந்தாம் அடுக்கு 16807. மேலே உடைத்த காரணிகளில் 5 இல்லாததால் 16807க்கும் அதே முழுச் சுற்று. 1இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் 16807ஆல் பெருக்கி மீதி எடுங்கள்: 16807, 282475249, 1622650073, 984943658… 1988இல் பார்க், மில்லர் இருவரும் தற்போக்கு எண்களை (ரேண்டம் எண்களை) உருவாக்கப் பரிந்துரைத்த முறை இதுதான். நிரலாக எழுதினால் பத்தாயிரமாவது எண் 1043618065 வர வேண்டும். வராவிட்டால் பெருக்கல் எங்கோ 32 பிட்டுக்கு மேல் வழிந்திருக்கிறது.

இரண்டாவது வழி, நிரூபணத்தைச் சரிபார்க்க

பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876இல் 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1ஐப் பகா எண் என்று காட்டினார். 2³¹ − 1க்கு மேல் யாரும் தேடிப் போகப் போவதில்லை என்று இங்கிலாந்தின் பார்லோ 1811இல் எழுதியிருந்தார். லூக்காவின் முறையை லேமர் பின்னால் செப்பனிட்டார். 2024இல் அறிவிக்கப்பட்ட 41024320 இலக்க எண்ணான 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 வரை அதன் வேர் ஓடுகிறது.

செய்முறை இது. 4இல் தொடங்குங்கள். வர்க்கித்து 2 கழியுங்கள், மீதி எடுங்கள். அடுக்கு எதுவோ அதில் இரண்டு குறைவாக அத்தனை முறை இதைச் செய்யுங்கள். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

அடுக்கு 7, எண் 127. ஐந்து முறை. மீதி எடுக்க வகுக்க வேண்டாம்: 128ஆகக் கட்டுப் போட்டு, எத்தனை கட்டோ அதை மிச்சத்தோடு கூட்டினால் போதும். 4 → 14. 14 → 194, ஒரு கட்டு, மிச்சம் 66, கூட்டினால் 67. 67 → 4487, 35 கட்டு, மிச்சம் 7, 42. 42 → 1762, 13 கட்டு, மிச்சம் 98, 111. 111 → 12319. 96 கட்டு, மிச்சம் 31. 127, அதாவது 0. முடிந்தது. 2047இல் இதையே ஒன்பது முறை செய்தால் 1736இல் போய் நிற்கும், 0 வராது.

2147483647க்கு 29 முறை. 4, 14, 194, 37634, 1416317954 வரை மீதி எடுக்கவே தேவையில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் பத்து இலக்கம் வரை போகும் எண்ணின் வர்க்கம்; கட்டின் அளவு 2147483648. ஓர் இரவுக்கு ஒரு வரிக்கு மேல் வேண்டாம். களைத்த கண்ணோடு செய்தால் தவறு நிச்சயம்.

0 வருவதற்கு முந்தைய வரி, அதாவது 28ஆவது முறை கிடைப்பது, இரண்டே எண்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதன் வர்க்கத்துக்கு மீதி 2 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட எண்ணை நாம் ஏற்கெனவே சந்தித்துவிட்டோம். 65536, இல்லாவிட்டால் 2147483647இலிருந்து அதைக் கழித்தால் வரும் 2147418111. (127இல் வந்த 111ஐப் பாருங்கள், அது 127 − 16.) எது வரும் என்று கையால் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

நாங்கள் இப்போது பதினோராவது வரியில் இருக்கிறோம். அப்பா ஒரு துண்டுக் காகிதத்தில் 65536 என்று எழுதி, நாலாக மடித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.